ஒடிசியைப் பாடியவர் யார்? ஒரு கேள்வி உருமாறிய வரலாறு

1

1935ஆம் ஆண்டின் கோடைக்காலம். இன்றைய மொண்டெனேகுரோ நாட்டில் உள்ள பியேலோ பொல்யே என்னும் சிறு நகரம் அப்போது யூகோஸ்லாவிய அரசின் கீழ் இருந்தது. அங்கே அவ்தோ மெஜெதோவிச் என்ற இறைச்சிக் கடைக்காரர் ஒரு வீரகதையைப் பல நாள்கள் தொடர்ந்து சொல்லிவந்தார். நிகோலா வுய்னோவிச் என்பவர் அதை அடி அடியாக எழுதிக்கொண்டார். ‘ஸ்மைலாகிச் மெஹோவின் திருமணம்’ என்ற அக்கதை நிறைவுற்றபோது அதில் 12,311 அடிகள் இருந்தன. இன்று வழங்கும் ஒடிசி 12,109 அடிகளைக் கொண்டது. அவ்தோவுக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது.

இப்பதிவுக்கு ஏற்பாடு செய்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்துவந்த மில்மன் பாரி என்னும் இளம் ஆசிரியர். பண்டைக் கிரேக்கக் காப்பியத்தை ஆராய்ந்தவர் பால்கன் மலையூர் ஒன்றில் இறைச்சிக் கடைக்காரரின் பாட்டைக் கேட்டு அமர்ந்திருந்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட விவாதம் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாக ஐரோப்பிய அறிஞர் ‘ஹோமர் யார்?’ என்று கேட்டுவந்தனர். ‘ஓர் அடி எவ்வாறு உருவாகிறது?’ என்று கேட்டவர் பாரி. கேள்வி மாறியதும், சான்று என்று எதைக் கொள்வது என்பதும் மாறியது. வாய்மொழி மரபுகளைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்று நிகழும் பல விவாதங்கள் இம்மாற்றத்தின் தொடர்ச்சியே. ஆனால் அக்கேள்வி எந்தச் சான்றிலிருந்து பிறந்தது என்பது அவ்விவாதங்களில் பெரும்பாலும் நினைவுகூரப்படுவதில்லை.

2

டிராய்ப் போர் முடிந்து இத்தாக்காத் தீவுக்குத் திரும்பும் ஒடிசியஸின் பத்தாண்டுக் கடற்பயணமே ஒடிசியின் பொருள். எனினும் அதன் கட்டமைப்பு நேர்கோட்டில் செல்வதில்லை. 24 பகுதிகளுள் முதல் நான்கில் தலைவன் நேரில் தோன்றுவதே இல்லை. தந்தையைத் தேடும் மகன் டெலிமாக்கஸே அங்கு முதன்மை பெறுகிறான். கதை தொடங்கும்போது ஒடிசியஸ் தன் அலைவின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறான். ஒற்றைக்கண் அரக்கன், கிர்க்கி, இறந்தோர் உலகம், சைரன்கள் என்று பலரும் அறிந்த நிகழ்ச்சிகளெல்லாம் 9 முதல் 12 வரையுள்ள பகுதிகளில், ஃபெயாக்கியரின் அவையில் அவன் வாய்மொழியாகவே கூறப்படுகின்றன. நூலின் பிற்பாதி முழுவதும் வீட்டுக்கு வந்துசேர்ந்த பின் நிகழ்வது: இரவலன் வேடம், மனைவியை மணக்கக் காத்திருப்போரின் கொட்டம், வில் போட்டி, பழிவாங்கல், பெனலோப்பி அவனை அறிந்து ஏற்றல்.

இக்கட்டமைப்பைக் கண்டு வியந்தோரும் ஐயுற்றோரும் உண்டு. ஐயத்துக்கு முறையான வடிவம் தந்தவர் ஃபிரெட்ரிக் ஆகஸ்ட் வொல்ஃப். 1795இல் லத்தீனில் வெளியான அவருடைய ‘ஹோமருக்கு முன்னுரை’ என்னும் நூல், எழுத்து வழக்கில் இல்லாத காலத்தில் இவ்வளவு நீண்ட பாடலை ஒருவர் இயற்றியிருக்க இயலாது என்று வாதிட்டது. சிறு சிறு பாடல்களாக வாய்வழி வழங்கியவை, பின்னர் ஏதென்ஸில் பெய்சிஸ்திராட்டஸின் காலத்தில் எழுதப்பட்டுத் தொகுக்கப்பட்டன என்பது அவர் கொள்கை. ஒடிசியில் எழுதுதல் படித்தல் பற்றிய பேச்சே இல்லை என்பது அவருக்கு வலுவான துணையாயிற்று.

வொல்ஃபின் வழிவந்தோர் ‘பகுப்பாய்வாளர்’ எனப்பட்டனர். காப்பியத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, எது பழையது, எது இடைச்செருகல், எது தொகுத்தவரின் கைவேலை என்று கண்டறிவது இவர்களின் பணி. தேவர் அவை முதற்பகுதியில் ஒரு முறையும் ஐந்தாம் பகுதியில் மறுமுறையும் கூடுவது ஏன்? டெலிமாக்கஸின் பயணம் தனிப் பாடலாக இருந்ததோ? இவை போன்ற வினாக்களை எழுப்பி, 1859இல் அடோல்ஃப் கிர்ஹோஃப் ஒடிசியைப் பல படிவுகளாகப் பிரித்துக் காட்டினார். இவர்களை எதிர்த்த ‘ஒருமைவாதிகள்’, காப்பியத்தின் கலையமைதி ஒரே மேதையின் கையைக் காட்டுகிறது என்றனர். 1897இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் பட்லர், ஒடிசியை இயற்றியவர் சிசிலியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் என்று கூட ஒரு நூல் எழுதினார்.

இரு தரப்பாரும் கடுமையாக மோதிக்கொண்டாலும் ஓர் அடிப்படையில் ஒன்றுபட்டிருந்தனர். பாடலை ஒரு ‘நூலாகவே’ இருவரும் கண்டனர். கூறியது கூறல் அங்கு குற்றமாகவே கருதப்பட்டது. பகுப்பாய்வாளர் அதைத் தொகுத்தவரின் தவறு என்றனர். ஒருமைவாதிகள் அதற்கு நுட்பமான காரணம் தேடினர். மேசையில் அமர்ந்து, முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டி, அடித்துத் திருத்தி எழுதும் ஓர் ஆசிரியரை மனத்தில் வைத்தே இருவரும் வாதிட்டனர்.

3

மில்மன் பாரி 1902இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். பாரிஸில் மொழியியலறிஞர் அந்துவான் மெய்யேயின் வழிகாட்டலைப் பெற்று, 1928இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். ஹோமரின் மரபுசார் அடைமொழிகளே அதன் பொருள். முதற்பார்வைக்கு மிகச் சிறியதாகத் தோன்றும் பொருள்தான்.

ஹோமரின் பாடல்களில் எந்தப் பாத்திரமும் அடைமொழி இன்றி வருவது குறைவு. ஒடிசியஸ் சில இடங்களில் ‘தெய்வத் தன்மையுள்ள ஒடிசியஸ்’, சில இடங்களில் ‘சூழ்ச்சி பல அறிந்த ஒடிசியஸ்’, வேறு சில இடங்களில் ‘பல துன்பம் பொறுத்த, தெய்வத் தன்மையுள்ள ஒடிசியஸ்’. இவற்றுள் எது எங்கு வர வேண்டும் என்பதைச் சூழலின் பொருள் முடிவு செய்கிறது என்றே பலரும் எண்ணியிருந்தனர். பாரி பொருளைப் பாராமல் அடியின் அளவைப் பார்த்தார்.

ஹோமரின் அடி ஆறு சீர்களால் ஆனது. ஒவ்வொரு சீரும் ஒரு நீண்ட அசையில் தொடங்கும். அதைத் தொடர்ந்து இரண்டு குறுகிய அசைகளோ ஒரு நீண்ட அசையோ வரும். கடைசிச் சீர் ஈரசையே. அடியின் இடையில் மரபான நிறுத்தங்கள் சில உள்ளன. பாடகர் தாம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்போது அடியில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்பதே அடைமொழியை முடிவு செய்கிறது. கடைசி இரு சீர்கள் மட்டும் எஞ்சினால் ‘தியோஸ் ஒதுஸ்ஸெயுஸ்’ என்னும் ஐந்தசைத் தொடர். இன்னும் இரு குறுகிய அசைகளுக்கு இடம் இருந்தால் ‘பொலுமேதிஸ் ஒதுஸ்ஸெயுஸ்’ என்னும் ஏழசைத் தொடர். மூன்றாம் சீரின் நடுவிலிருந்து நிரப்ப வேண்டுமானால் ‘பொலுத்லாஸ் தியோஸ் ஒதுஸ்ஸெயுஸ்’ என்னும் எட்டசைத் தொடர். முன்வரும் குறுகிய அசையை நீட்டவேண்டிய தேவை எழுந்தால், ‘பொலுமேதிஸ்’ அடையின் அதே அளவுடையதும் இரு மெய்யில் தொடங்குவதுமான ‘ப்தொலிபொர்தோஸ்’, அதாவது ‘நகரங்களை அழித்த’ என்னும் அடை கைகொடுக்கிறது.

தனித்தனியே பார்த்தால் இவை வியப்புக்குரியவை அல்ல. பாரி கண்டது இவற்றின் ஒழுங்கமைவை. முதன்மைப் பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் அடியின் ஒவ்வோர் இடைவெளிக்கும் ஏற்ற ஒரு தொடர் இருக்கிறது; அதே சமயம், ஓர் இடைவெளிக்குப் பெரும்பாலும் ஒரே தொடர்தான் இருக்கிறது. முதலாவதை அவர் பரப்பு என்றார். இரண்டாவதைச் சிக்கனம் என்றார். அலங்காரத்துக்காக அடைமொழி தேடும் தனிக் கவிஞர் ஓர் இடத்துக்குப் பல மாற்றுகளைப் படைப்பார். சிக்கனம் அவருக்குத் தேவையே இல்லை. தேவையற்றதை ஒதுக்கி, தேவையானதை மட்டும் வைத்திருக்கும் இத்தகைய அமைப்பு ஒருவர் வாழ்நாளில் உருவாகக் கூடியதன்று. தலைமுறை தலைமுறையாகப் பாடகர்கள் உருவாக்கிக் கையளித்த கருவித்தொகுதி அது. தமிழில் ‘வாய்பாடு’ என்று வழங்கும் கலைச்சொல் இவ்வமைப்பின் அலகையே குறிக்கிறது.

நீண்ட காலம் உரையாசிரியர்களைத் துன்புறுத்திய இடங்கள் சில இதனால் தெளிவுற்றன. ஆறாம் பகுதியில் நௌசிகா அழுக்குத் துணிகளைத் துவைக்க எடுத்துச் செல்கிறாள். அத்துணிகளுக்குக் காப்பியம் தரும் அடைமொழி ‘ஒளிரும்’ என்பது. கரையில் இழுத்து நிறுத்திய கப்பலும் ‘விரைந்து செல்லும்’ கப்பலே. அகமெம்னனைக் கொன்ற ஏகிஸ்தஸை முதற்பகுதியில் குறிப்பிடும்போது ‘குற்றமற்ற’ என்று வழக்கமாகப் பெயர்க்கப்படும் அடை அவனுக்கும் வருகிறது. எழுதும் கவிஞரிடம் இவை பிழைகள். மரபின் மொழியில் பாடுபவரிடமோ, அடைமொழி பெயரோடு ஒட்டிய உறுப்பு. அக்கணத்து நிலையை அது வருணிப்பதில்லை.

4

பாரியின் கண்டுபிடிப்பு, மொழியியலாளர்களைப் பல காலமாக வருத்திவந்த வேறொரு புதிருக்கும் விடை தந்தது. ஹோமரின் கிரேக்கம் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் எவரும் பேசாத கிரேக்கம். அதன் அடித்தளம் அயோனிய வட்டாரவழக்கு. அதற்குள் எயோலிய வழக்கின் வடிவங்கள் விரவிக் கிடக்கின்றன. ‘இருத்தல்’ என்னும் பொருளுடைய வினையெச்ச வடிவம் ஒன்றுக்கே எய்னய், எம்மெனய், எம்மென், எமெனய், எமென் என ஐந்து வடிவங்கள் காப்பியத்தில் உள்ளன. உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் வேறு பிரித்துப் பழகிய தமிழ் இலக்கண மாணவருக்கு இது முற்றிலும் புதிதன்று. ஆனால் இவ்வளவு கலப்பு ஏன் என்பதே கேள்வி.

1932இல் வெளியிட்ட கட்டுரையில் பாரி இதற்கு விளக்கம் அளித்தார். பாடகர்கள் தம் பேச்சுமொழி மாறும்தோறும் பாட்டு மொழியையும் மாற்றிக்கொண்டே வந்தனர். ஆனால் புதிய வடிவம் அளவில் பொருந்தாத இடங்களில் பழைய வடிவத்தை அப்படியே விட்டுவைத்தனர். ஆகவே, பாட்டின் மொழி என்பது யாப்பு பாதுகாத்து வைத்த பல காலங்களின் படிவு. ஐந்து வடிவங்களும் அசையளவில் வேறுபட்டவை. அதனாலேயே ஐந்தும் பிழைத்தன.

இதற்கு மிகச் சிறந்த சான்று, எழுதப்படாத ஓர் ஒலி. கிரேக்கத்தில் ஒரு மொழிமுதல் உயிருக்கு முன் குறுகிய உயிரீறு வந்தால், அவ்வீறு பெரும்பாலும் கெடும். தமிழில் உயிர் வரக் குற்றியலுகரம் கெடுவதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ஹோமரில் சில சொற்களின் முன் இவ்விதி அடிக்கடி தவறுகிறது. கடலுக்கு வரும் புகழ்பெற்ற அடை ‘ஒய்னொப’, ‘மதுவின் தோற்றமுள்ள’ என்பது. அதன் முன் வரும் ‘எபி’ என்னும் முன்னுருபின் இகரம் கெடாமல் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அறிஞர் ரிச்சர்ட் பென்ட்லி இதற்குக் காரணம் கண்டார். ஒருகாலத்தில் அச்சொற்கள் வகரத்தில் தொடங்கின. ஒலி மறைந்தது, அதன் விளைவு அடியில் நின்றது. லத்தீனில் மதுவைக் குறிக்கும் ‘வீனும்’ என்ற சொல் அதே வகரத்தைக் காட்டுகிறது. வீட்டைக் குறிக்கும் ‘ஒய்கோஸ்’ என்ற சொல்லும் அவ்வாறே. அதன் இனச்சொல்லான வடமொழி ‘வேச’ வகரத்தை இழக்கவில்லை.

பென்ட்லிக்குக் கையில் கிடைத்த சான்று யாப்பும் பிற்காலக் கல்வெட்டுகள் சிலவுமே. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ‘நேரியல் பி’ என்னும் எழுத்தைப் படித்தறிந்தபோது, ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மைசீனியக் களிமண் பலகைகள் கிரேக்கத்தையே பேசின. அவற்றில் மன்னனைக் குறிக்கும் சொல் ‘வனக்ஸ்’ என வகரத்தோடு எழுதப்பட்டிருந்தது. ஹோமரில் அது ‘அனக்ஸ்’. இரு நூற்றாண்டுக்கும் மேல் ஊகமாக நின்ற ஒலியை மண்பலகை உறுதி செய்தது.

எனினும் வகரத்தின் தடம் காப்பியம் முழுவதும் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் அது பொருட்படுத்தப்படுகிறது. சில இடங்களில் அது இல்லாததாகவே அடி அமைகிறது. பாடியவர்களின் வாயில் அவ்வொலி இல்லை என்பதையும், அவர்கள் மரபாகப் பெற்ற தொடர்களில் அதன் இடம் இருந்தது என்பதையும் இச்சீரின்மை ஒருசேரக் காட்டுகிறது. ஒடிசியை ஒரு காலத்துக்கும் ஓர் ஊருக்கும் உரியதாக்க முயன்ற வாதங்களெல்லாம் இங்கேயே தடுமாறின.

5

1928இல் பாரி நிறுவியது ‘மரபு’ என்பதை மட்டுமே. ‘வாய்மொழி’ என்பதை அன்று. மரபான மொழி ஏன் இவ்வாறு சிக்கனமாக அமைய வேண்டும் என்பதற்கு, பாடும் கணத்திலேயே அடியை அமைக்கவேண்டிய நெருக்கடியே காரணம் என்ற முடிவுக்கு அவர் பின்னரே வந்தார். தென் ஸ்லாவியப் பாடல்களை நேரில் ஆராய்ந்த மத்தியா முர்கோவின் ஆய்வுகள் அவருக்கு வழிகாட்டின. உயிரோடு இருக்கும் மரபு ஒன்றில் கருதுகோளைச் சோதித்துப் பார்ப்பதற்காக 1933இலும், மீண்டும் 1934-35இலும் அவர் யூகோஸ்லாவியா சென்றார். குஸ்லே என்னும் ஒற்றை நரம்பு இசைக்கருவியை வில்லால் இசைத்துக்கொண்டு பாடும் குஸ்லார்களை 3,500க்கும் மேற்பட்ட அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவருடைய உதவியாளர் நிகோலா வுய்னோவிச்சும் ஒரு குஸ்லாரே. மாணவர் ஆல்பர்ட் லார்ட் உடன் சென்றிருந்தார்.

அங்கு நிகழ்ந்த சோதனைகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. முமின் விளாஹொவ்ல்யாக் என்னும் பாடகர், அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு பாடலைப் பாடினார், 2,294 அடிகள். அவ்தோ அருகிலிருந்து கேட்டார். அவர் பாடி முடித்ததும், அதே பாடலைப் பாட இயலுமா என்று பாரி அவ்தோவிடம் கேட்டார். அவ்தோ பாடியது 6,313 அடிகள். கதை அதுவே. ஆனால் பாத்திரங்களின் உள்ளம், அணிகலன், குதிரை, பயணம், அவைக்காட்சி என ஒவ்வொன்றும் விரிந்திருந்தது. மனப்பாடம் என்ற சொல்லால் இதை விளக்க முடியாது. முன்னதாக இயற்றிப் பின்னர் நிகழ்த்துதல் என்பது அங்கு இல்லை, நிகழ்த்துதலே இயற்றுதல்.

ஆனால் பாடகர்கள் தாம் செய்வதை அவ்வாறு விவரிக்கவில்லை. ஜெமாயில் ஸோகிச் என்பவர், தாம் கேட்ட பாடலைச் சொல்லுக்குச் சொல், அடிக்கு அடி மாறாமல் பாடுவதாக உறுதி கூறினார். பதிவுகளை ஒப்பிட்டபோது அவை வேறுபட்டிருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. ‘சொல்’ என்றால் என்ன என்று துருவிக் கேட்டபோது இப்பாடகர்கள் காட்டியது அகராதிச் சொல்லை அன்று. ஒரு முழு அடியை, சில வேளைகளில் அடிகளின் தொகுதியை. எழுத்தில் இடைவெளி விட்டுப் பிரித்துப் பழகியவர்களுக்கே சொல் என்பது தனி அலகு. ‘மாறாமை’ என்பதன் பொருளே எழுத்தறிந்தவருக்கும் அறியாதவருக்கும் வேறு என்பது மொழியியலுக்குக் கிடைத்த முக்கியமான பாடம்.

வேறொரு செய்தியும் அங்கு கிடைத்தது. சிறைப்பட்ட கணவன் பல ஆண்டுகள் கழித்து உருமாறி வருகிறான். மனைவியின் மறுமணம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவன் தன்னை மறைத்துக்கொண்டு எல்லோரையும் சோதிக்கிறான். இவ்வமைப்புடைய ‘மீள்வருகைப் பாடல்கள்’ அம்மரபில் பல இருந்தன. ஒடிசியின் பிற்பாதியில் பகுப்பாய்வாளர் கண்ட பல முரண்களை, இப்பாடல்களின் மாற்று வடிவங்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களாகக் கொண்டு லார்ட் விளக்கினார்.

பாரியால் இவற்றை எழுதி முடிக்க இயலவில்லை. 1935 டிசம்பர் 3 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் துப்பாக்கிக் காயத்தால் அவர் இறந்தார், வயது 33. அவருடைய ஆய்வைத் தொடர்ந்த லார்ட் ‘கதைகளின் பாடகர்’ என்னும் நூலை வெளியிட்டது 1960இல். இடையில் கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

6

கோட்பாட்டின் உறுதியான சான்று ஒடிசிக்குள்ளேயே இருந்தது என்பதைப் பின்வந்தோர் கவனித்தனர். அக்காப்பியத்தில் இரு பாடகர்கள் வருகின்றனர்: இத்தாக்காவின் ஃபெமியோஸ், ஃபெயாக்கியரின் பார்வையற்ற டெமோடோகோஸ். டெமோடோகோஸிடம் ஒடிசியஸ் மரக்குதிரைக் கதையைப் பாடக் கேட்கிறான். அவர் கேட்ட இடத்திலிருந்து உடனே தொடங்குகிறார். பதினேழாம் பகுதியில் பன்றி மேய்க்கும் யூமையோஸ், வெளியூரிலிருந்து அழைத்து வரப்படும் தொழில்வல்லார் யாவர் என்று அடுக்கும்போது குறிசொல்பவன், மருத்துவன், தச்சன் ஆகியோரோடு பாடகனையும் சேர்க்கிறான். இருபத்தொன்றாம் பகுதியில் ஒடிசியஸ் வில்லுக்கு நாண் ஏற்றும் காட்சிக்கு உவமையாவது, இசைக்கருவிக்கு நரம்பு கட்டும் பாடகன். இருபத்திரண்டாம் பகுதியின் படுகொலையில் லெயோடெஸ் என்னும் குறிபார்க்கும் பூசகன் கெஞ்சியும் கொல்லப்படுகிறான். அடுத்து வந்து காலைப் பற்றும் ஃபெமியோஸ், டெலிமாக்கஸின் பரிந்துரையால் பிழைக்கிறார். தாம் பிறரிடம் கல்லாதவர் என்றும், பாட்டின் வழிகள் பலவற்றைத் தெய்வம் தம் உள்ளத்தில் ஊன்றியது என்றும் அவர் கூறுகிறார். ‘வழிகள்’ என்ற அச்சொல் வாய்பாட்டுக் கோட்பாட்டினருக்கு மிக உவப்பானது. பாடகரிடம் இருப்பது முடிந்த பாடல் அன்று, பாடலைச் செய்யும் பாதைகள்.

இவ்விளக்கத்தில் சிக்கல்களும் உண்டு. வாய்பாடு பொருளற்ற நிரப்பி என்ற கருத்து மிகைப்படுத்தப்பட்டது. பாரியின் மகன் ஆடம் பாரியை மணந்த ஆன் எமோரி பாரி, ஏகிஸ்தஸின் அந்தப் புகழ்பெற்ற அடைமொழியை முழுமையாக ஆராய்ந்து, அதன் மூலப்பொருள் ‘குற்றமற்ற’ என்பதே அன்று, தோற்றப் பொலிவைச் சார்ந்தது என்று வாதிட்டார். அவரும் ஆடமும் 1971இல் சாலை விபத்தில் இறந்தனர். அந்நூல் 1973இல் வெளிவந்தது. பொருந்தாத அடைமொழி என்று கோட்பாடு எளிதாகக் கடந்து சென்ற இடத்தில், சொற்பொருளை மீண்டும் ஆராய வேண்டும் என்பதே அந்நூல் தந்த எச்சரிக்கை.

மற்றொரு சிக்கல், பாடல் எப்படி எழுத்தானது என்பது. ஒவ்வொரு முறையும் மாறும் பாடல் 12,109 அடிகளில் நிலைத்தது எவ்வாறு? பாடகர் சொல்ல ஒருவர் எழுதியிருக்க வேண்டும் என்றார் லார்ட். பல நூற்றாண்டு நிகழ்த்துதலில் பாடல் படிப்படியாக உறைந்தது என்பது கிரெகரி நாஜின் கொள்கை. 1954இல் இத்தாலியின் இஸ்கியா தீவில் அகழ்ந்தெடுத்த மண்கோப்பை ஒன்று இவ்விவாதத்தில் இடம்பெறுகிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் மூன்று வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டு, ஹோமரின் அறுசீர் அடியில் அமைந்தவை. கிரேக்கர் ஃபினீசியரிடமிருந்து எழுத்தைப் பெற்ற சிறிது காலத்திலேயே அதில் செய்யுளை எழுதத் தொடங்கிவிட்டனர் என்பதற்கு அது சான்று.

அவ்தோவின் 12,311 அடிகளும் கலப்பற்ற வாய்மொழி அல்ல. அக்கதையை அவர் கற்றது, நண்பர் ஒருவர் அச்சிட்ட பாட்டுப்புத்தகத்திலிருந்து சில முறை படித்துக் காட்டியதன் வழியே. அப்புத்தகத்தில் அப்பாடல் 2,000 அடிகளைச் சற்றே கடந்தது. எழுத்து வாய்மொழியை அழித்துவிடும் என்பதும், இரண்டும் தனித்தனி உலகங்கள் என்பதும் பாரியின் சேகரிப்பாலேயே மறுக்கப்படுகின்றன.

7

இக்கோட்பாடு தமிழாய்வுக்குள் வந்தது ஒரு கிரேக்க அறிஞரின் வழியாகவே. இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பண்டைக் கிரேக்கச் சமூகத்தை ஆராய்ந்த ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். அதன் விளைவான தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. பாணரும் பொருநரும் விறலியரும் நடமாடும் சங்கப் பாடல்களை ஹோமரோடு ஒப்பிட்டு, அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் கருப்பொருள் அமைப்புகளையும் வாய்பாடுகளாகக் கண்டு, அவை வாய்மொழி மரபில் விளைந்தவை என்று அந்நூல் நிறுவ முயன்றது. சங்க இலக்கியத்தைப் பொற்காலப் பெருமிதத்திலிருந்து மீட்டு, அதைப் படைத்த சமூகத்தின் தொழில்முறைக் கலையாகக் காணச் செய்தது அதன் பெரும்பணி.

ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். பாணர் மரபு இருந்தது உண்மை. ஆனால் இன்று வழங்கும் பாடல்கள் அம்மரபைப் பின்பற்றிக் கற்றறிந்த புலவர் இயற்றியவை என்பது அவர் நிலைப்பாடு. இவ்விவாதம் இன்றும் ‘வாய்மொழியா, எழுத்தா’ என்ற இருமுனைக் கேள்வியாகவே வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. பாரியின் சான்றுமுறையை நினைவில் கொண்டால் கேள்வி வேறாகும். அவருக்குத் திரும்ப வருதல் மட்டும் சான்றன்று. பரப்பும் சிக்கனமும் சேர்ந்த அமைப்பே சான்று. அவ்வமைப்பு தேவைப்படுவது, ஆயிரக்கணக்கான அடிகளை நிறுத்தமின்றிப் பாடுபவருக்கு. குறுந்தொகையின் அடியளவு பெரும்பாலும் நான்கு முதல் எட்டு. அகநானூற்றில் பதின்மூன்று முதல் முப்பத்தொன்று. ‘தண்டுறை ஊரன்’, ‘குன்ற நாடன்’ ஆகிய தொடர்கள் மீண்டும் மீண்டும் வருவதற்கு யாப்பு நெருக்கடி காரணமா, திணை மரபு காரணமா? ஒரே இடைவெளிக்கு எத்தனை மாற்றுத் தொடர்கள் உள்ளன? 2,381 பாடல்களிலும் இதை அசையளவில் கணக்கிட்டே விடை காண முடியும்.

இந்தியாவின் பிற மரபுகளும் இதே எச்சரிக்கையைத் தருகின்றன. ரிக் வேதம் எழுத்தின்றி, பதம், கிரமம், ஜடை, கனம் ஆகிய ஓதல் முறைகளால் ஓரசையும் பிறழாமல் காக்கப்பட்டது. வாய்மொழி என்றால் மாறிக்கொண்டே இருப்பது என்ற முடிவை அது ஒன்றே தகர்க்கும். ராஜஸ்தானின் பாபூஜி காவியத்தை ஆராய்ந்த ஜான் டி. ஸ்மித், அதன் பாடகர்கள் பெரிதும் நிலைத்த பனுவலையே பாடுகின்றனர் என்று காட்டி, லார்டின் கோட்பாடு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்றார். தென்தமிழகத்தின் வில்லுப்பாட்டில் ஏட்டுச்சுவடிக்கும் நிகழ்த்துதலுக்கும் உள்ள நெருங்கிய உறவை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நினைவும் எழுத்தும் நிகழ்த்துதலும் ஒவ்வொரு மரபிலும் வெவ்வேறு முறையில் பிணைகின்றன.

‘வாய்மொழி’ என்ற சொல் இந்தியச் சூழலில் எடைபோடும் சொல்லாகவும் இருக்கிறது. ஒருபுறம் அது தொன்மைக்கும் தூய்மைக்கும் சான்றிதழாக வழங்கப்படுகிறது. மறுபுறம், எழுத்தறியாதவரின் பாட்டு என்று நாட்டார் காவியங்களை இலக்கியப் பாடத்திட்டத்துக்கு வெளியே நிறுத்தவும் அதுவே பயன்படுகிறது. பாரியின் ஆய்வு இவ்விரண்டுக்கும் இடம் தருவதில்லை. வாய்மொழி என்பது அவரிடம் ஒரு தொழில்நுட்பம். அதில் தேர்ந்தவரும் தேராதவரும் உண்டு. ஒரே பாடலை முமின் 2,294 அடிகளில் பாட, அவ்தோ 6,313 அடிகளில் பாடியது மரபின் வேறுபாட்டால் அன்று, கலைஞரின் வேறுபாட்டால். மரபு என்றவுடன் தனியாளுமை மறைந்துவிடும் என்று ஒருமைவாதிகள் கொண்ட அச்சத்துக்கு அப்பதிவே போதிய மறுமொழி.

ஹோமர் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி உறுதியாக எதுவும் கூற இயலாது. அவ்தோவின் பெயரும் ஊரும் தொழிலும் அவர் பாடிய நாளும் தெரிவதற்குக் காரணம், பாடலோடு பாடியவரையும் உரையாடலையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்ற பாரியின் முடிவு. ‘நாட்டுப்புறப் பாடல், பாடியவர் பெயர் தெரியவில்லை’ என்ற குறிப்போடு இந்தியப் பல்கலைக்கழகங்களின் அலமாரிகளில் தங்கிவிட்ட கள ஆய்வுப் பதிவுகள் பல. அவற்றைப் பாடியவர்களுக்கும் பெயர் இருந்தது. கேட்டு எழுதிக்கொள்ளாதது மட்டுமே குறை. இனிச் செல்லும் கள ஆய்வாளர்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது அப்பெயரையே.